பிரிக்ஃபீல்ட்ஸ் டாக்சி நிறுத்தத்தில் மீறப்படும் தடைகள்: எந்த அலுவலகத்தில், எப்படி முறையிடுவது?

கேள்வி: தெருமுனைக் குடியிருப்பாளர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். ஜாலான் துன் சம்பந்தனோடு சேரும் ஒரு குறுக்குச் சாலையில் எங்கள் அடுக்குமாடி வீடு இருக்கிறது. அந்தச் சாலையின் முனையில், மாநகர் மன்றம் தரையில் மஞ்சள் கோடு போட்டு, ‘டெக்சி’ என்று எழுதி ஒதுக்கிக் கொடுத்த நிறுத்தம் ஒன்று உண்டு. ஆறு கார்கள் நிற்கலாம். எதிர்ப்பக்கம் முழுவதும் இரட்டை மஞ்சள் கோடு. பெரிய சாலையைத் தொடும் இடத்தில், வண்டிகள் தேங்கி நிற்கக் கூடாத மஞ்சள் சதுரம். குறுக்குச் சாலை ஒருவழி என்பதால், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்ப முடியாதபடி நுழையத் தடை என்ற சிவப்புப் பலகை. பெயிண்ட் அழிந்துவிடவில்லை, பலகையும் மரக்கிளையில் மறைந்துவிடவில்லை. இருந்தும், மாலை ஐந்தரை மணிக்கு மேல் இவற்றில் ஒன்றையாவது மதிப்பாரைக் காண்பது அரிதாக இருக்கிறது.

கேஎல் சென்ட்ரலிலிருந்தும் மோனோரயில் நிலையத்திலிருந்தும் வேலை முடிந்து இறங்கும் கூட்டம் வரத் தொடங்கியதும், ஆறு கட்டங்களும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் கார்கள் எதிர்ப்பக்கத்து இரட்டைக் கோட்டின் மேல் வரிசை பிடிக்கின்றன. நடுவில் மற்ற வண்டிகள் போக வழிவிட வேண்டும் என்பதற்காக, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் நடைபாதையின் மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். பின்பக்கத் தெருக்களைச் சுற்றிக்கொண்டு முறையாக வர மனமில்லாத சிலர், பெரிய சாலையிலிருந்து தடைப் பலகையைக் கடந்து எதிர்த்திசையில் நேராக உள்ளே நுழைகிறார்கள். வெளியே வரும் காரும் உள்ளே நுழையும் காரும் மஞ்சள் சதுரத்தில் முகத்துக்கு முகம் நின்றுவிட்டால், பெரிய சாலையில் பேருந்து வரைக்கும் அசைவதில்லை.

எனக்கு மிகவும் வேதனை தருவது நடைபாதையில் நடப்பதுதான். பிரிக்ஃபீல்ட்ஸ் பார்வையற்றோர் பலர் வாழ்ந்து, படித்து, தொழில் செய்யும் இடம். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்காகவே நடைபாதையில் பதிக்கப்பட்ட புடைப்புக் கோட்டு ஓடுகளின் மேல்தான் இந்தக் கார்களின் சக்கரங்கள் நிற்கின்றன. கோலைத் தட்டிக்கொண்டு வருபவர் காரின் மீது மோதி, கையால் தடவிப் பார்த்து, சாலைக்குள் இறங்கிச் சுற்றிப் போவதை நான் மாடியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஓட்டுநர்களிடம் நேரிலேயே சொல்லிப் பார்த்தோம். “ஐந்து நிமிடம்தான், அம்மா” என்கிறார்கள். ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் புகார் செய்தபோது அதிகாரிகள் வந்தார்கள். அன்று மாலை ஒழுங்காக இருந்தது. மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. மற்றோர் அலுவலகத்தில், இது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே என் கேள்விகள் இவை. எந்த மீறலுக்கு எந்தத் துறை பொறுப்பு? புகாரை எப்படி எழுதினால் அது ஒருநாள் நடவடிக்கையோடு நின்றுவிடாது? இந்த ஓட்டுநர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். சிலரைக் கோயிலில் பார்த்துப் பேசுகிறோம். அவர்களுடைய பிழைப்பில் கை வைக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், பெட்டாலிங் ஜெயா

வணக்கம், அம்மா. நீங்கள் அலைக்கழிக்கப்பட்டதற்குக் காரணம், ஒரே இடத்தில் நடக்கும் மீறல்களுக்கு வெவ்வேறு துறைகள் பொறுப்பாக இருப்பதுதான். எல்லாவற்றையும் ஒரே புகாரில் சேர்த்து எழுதினால், பெறுபவர் தமக்கு உரியது அல்லாத பகுதியைக் காட்டி முழுவதையும் ஒதுக்கிவிட இடம் கிடைக்கிறது. பிரித்து எழுதுங்கள்.

நின்றுகொண்டிருக்கும் வண்டி தொடர்பான குற்றங்களுக்கு, அதாவது இரட்டை மஞ்சள் கோட்டிலும் நடைபாதையிலும் நிறுத்துவதற்கு, முதலில் அணுக வேண்டியது கோலாலம்பூர் மாநகர் மன்றம். அபராதச் சீட்டான கம்பவுண்டைக் கொடுப்பதும், சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதும், இழுத்துச் செல்வதும் அவர்களுடைய அமலாக்கப் பிரிவின் வேலை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடையூறோ ஏற்படும் வகையில் சாலையில் வண்டியை நிறுத்துவதைக் குற்றமாக்குகிறது. “அவசரத்துக்கு நிறுத்தினேன்” என்பதோ, “எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது” என்பதோ அதற்கு விடையாகாது.

ஓடும் வண்டி தொடர்பான குற்றங்களுக்கு, அதாவது தடைப் பலகையைத் தாண்டி நுழைவதற்கும் மஞ்சள் சதுரத்தை அடைத்து நிற்பதற்கும், போக்குவரத்துக் காவல்துறையையும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயையும் அணுகுங்கள். போக்குவரத்துக் குறிகளை மீறுவதற்கு, அதே சட்டத்தின் 79(2) பிரிவின்படி 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாமலும் 2,000 வெள்ளிக்கு மேற்படாமலும் நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம்.

மூன்றாவதாக, டாக்சி உரிமம். தீபகற்பத்தில் அதைக் கவனிப்பது, போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ள தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட். முன்பு அதைக் கவனித்த ஸ்பாட் ஆணையம் கலைக்கப்பட்ட பிறகு, 2019 தொடக்கத்திலிருந்து அந்தப் பொறுப்பு இவர்களிடம் இருக்கிறது. ஒரே வண்டி மீண்டும் மீண்டும் மீறுகிறது என்று காட்ட முடிந்தால், இவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புவது பயன் தரும். ஏனெனில் சம்மனைக் கட்டிவிட்டு மறந்துவிடும் ஓட்டுநரும் உரிமம் என்றால் சற்று யோசிப்பார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். டாக்சியின் எண் பலகை ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும். கைபேசிச் செயலி வழியாக அழைக்கப்படும் இ-ஹெய்லிங் கார்களுக்குச் சாதாரணத் தனியார் எண்ணே இருக்கும், கண்ணாடியில் மட்டும் ஒட்டுவில்லை காணப்படும். இ-ஹெய்லிங் காருக்கு டாக்சி நிறுத்தத்தில் வரிசை பிடிக்கவோ, சாலையில் கைகாட்டுபவரை ஏற்றிக்கொள்ளவோ உரிமை கிடையாது. செயலி வழியாக வந்த பயணியை மட்டுமே அது ஏற்றலாம். உங்கள் தெருவில் இரட்டைக் கோட்டின் மேல் நிற்பவை எவை என்று பிரித்துப் பார்த்தீர்களா? “டாக்சிகள்” என்று பொதுவாக எழுதிவிட்டு, படத்தில் பாதி வண்டிகள் டாக்சி அல்லாதவையாக இருந்தால் உங்கள் புகாரின் மதிப்பு குறைந்துவிடும்.

படம் எடுக்கும்போது வண்டி எண்ணும், மீறப்படும் பலகையோ கோடோ ஒரே சட்டகத்துக்குள் தெரிய வேண்டும். நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலையில் இறங்கி நின்று எடுக்க வேண்டாம். ஓட்டுநரின் முகத்தைச் சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம். மாநகர் மன்றத்துக்கு அடு@கேஎல் செயலியும், ஜேபிஜேக்கு இ-அடுவான் புகார் வசதியும் உள்ளன. தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும். எழுத்தில் கொடுத்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். அடுத்த கடிதத்தை அந்த எண்ணைச் சுட்டித் தொடங்குங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், செந்தூல்

அம்மா, நான் புடுராயா பேருந்து நிலையம் இருந்த காலத்திலிருந்து கோலாலம்பூரில் டாக்சி ஓட்டியவன். உங்கள் நிறுத்தத்திலும் நின்றிருக்கிறேன். அதனால் ஓட்டுநர் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் தடைப் பலகையைத் தாண்டி வருபவனுக்காக நான் பரிந்து பேச வரவில்லை.

நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுபவர், காலையில் சாவியை வாங்கும்போதே கடன்காரராகத்தான் இறங்குகிறார். வாடகை, பெட்ரோல், சாப்பாடு ஆகியவை போன பிறகுதான் வீட்டுக்குக் காசு. 2012இல் மைதெக்சி என்ற டாக்சி அழைப்புச் செயலி வந்து, பின்னர் அது கிரேப் ஆகி, தனியார் கார்களும் இந்தத் தொழிலுக்குள் வந்த பிறகு பயணிகள் எங்களைத் தேடி வருவது குறைந்தது. அந்த ஓட்டுநர்களுக்கும் 2019இல் பயணிகளை ஏற்றும் வாகனத்துக்கான பிஎஸ்வி ஓட்டுநர் உரிமம் கட்டாயமானது உண்மைதான். அதற்குள் எங்களில் எத்தனையோ பேர் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு மாலை இரண்டு மணி நேரம்தான் உருப்படியான வருமானம். அந்த நேரத்தில் பின்தெருவைச் சுற்றி வர கால் மணி நேரம் ஆகிறது என்றால், ஒரு பயணம் கைவிட்டுப் போகிறது.

இது காரணமே தவிர, நியாயம் அல்ல. ஏன் என்றால், எதிர்த்திசையில் நுழைபவன் முதலில் ஏமாற்றுவது உங்களை அல்ல, முறையாக வரிசையில் நிற்கும் இன்னோர் ஓட்டுநரைத்தான். நிறுத்தத்தில் முதல் கட்டத்தில் இருப்பவருக்குத்தான் அடுத்த பயணி என்பது எங்களுக்குள் எழுதப்படாத கட்டுப்பாடு. ஒருவர் முக்கால் மணி நேரம் காத்திருந்து முதல் கட்டத்துக்கு நகர்ந்து வந்திருப்பார். அந்த நேரத்தில் பெரிய சாலையிலிருந்து ஒருவன் பலகையைத் தாண்டி மூக்கை நுழைத்து, முனையிலேயே நிற்கும் பயணியை ஏற்றிக்கொண்டு பின்னோக்கி எடுத்துப் போய்விடுகிறான். இதைப் பார்த்த இரண்டாமவர், மூன்றாமவர் எல்லாரும், இனி வரிசையில் நின்று என்ன பயன் என்று எதிர்ப்பக்கம் போய் மஞ்சள் கோட்டில் நிற்கத் தொடங்குகிறார்கள். அந்த ஒரு குறுக்கு நுழைவு நின்றால், இரட்டைக் கோட்டுப் பிரச்சினையில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும் என்பது என் திடமான கருத்து. ஒழுங்காக நிற்பவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே குறைதான். அவர்களை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் கையொப்பம் போடுவார்கள்.

இன்னொன்று, பயணிகளுடைய பங்கு. பெட்டியை இழுத்துக்கொண்டு வருபவர்கள் முனையிலேயே நின்று கைகாட்டுகிறார்கள். டாக்சி வரிசையின் தலை எந்தப் பக்கம் என்று காட்டும் பலகை அங்கே கிடையாது. “டாக்சிக்கு இந்தப் பக்கம்” என்று அம்புக்குறியோடு ஒரு பலகை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்மன் மட்டும் கேட்காதீர்கள்.

பதில்: அன்றாடப் பயணி, பங்சார்

ஓட்டுநர் ஐயா சொல்வதில் எனக்கு ஓர் ஐயம். என் தாயாருக்கு முழங்கால் வலி. முனையில் ஏறாமல் வரிசையின் தலை வரை நடக்கச் சொன்னால், முதியவர்களுக்குச் சிரமம் அல்லவா? தடைகளை இவ்வளவு கடுமையாகப் பிடித்துக்கொண்டால் பாதிக்கப்படுவது பயணிகள்தான் என்று தோன்றுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், செந்தூல்

தங்கச்சி, முதல் கட்டம் முனையிலிருந்து ஒரு கடை அகலம்தான் தள்ளி இருக்கிறது. அம்மாவை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, முதல் காரின் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் இறங்கி வந்து கைபிடித்து அழைத்துப் போவார். அப்படிச் செய்யாதவரை நான் அந்த நிறுத்தத்தில் பார்த்ததில்லை. மாறாக, மஞ்சள் சதுரத்தின் நடுவில் நிற்கும் காரில் ஏறுவதுதான் முழங்கால் வலி உள்ளவருக்கு ஆபத்து. பின்னால் நிற்கும் பேருந்து ஒலி எழுப்பும்போது அவசரப்பட்டுத்தான் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

பதில்: வெள்ளைக்கோல், பிரிக்ஃபீல்ட்ஸ்

வணக்கம். நான் பார்வையற்றவன். திரைவாசிப்பான் மென்பொருளின் உதவியோடு இந்த இழையை முழுவதும் கேட்டேன். அந்த நடைபாதை வழியாகத்தான் நான் வேலைக்குப் போய் வருகிறேன் என்பதால் சில விவரங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

அந்த மஞ்சள் ஓடுகளில் இரண்டு வகை உண்டு. நீளமான கோடுகள் உள்ள ஓடு, இந்தத் திசையில் நேராக நட என்று பாதத்துக்குச் சொல்கிறது. வட்டப் புள்ளிகள் உள்ள ஓடு, நில், இங்கே திருப்பமோ படியோ சாலையோ இருக்கிறது என்று எச்சரிக்கிறது. குறுக்குச் சாலையைக் கடக்கும் இடத்தில் இருப்பது புள்ளி ஓடு. காரின் சக்கரம் அதன் மேல் நின்றால், நான் சாலையின் விளிம்புக்கு வந்துவிட்டேன் என்பதே எனக்குத் தெரியாமல் போகிறது.

நிற்கும் காரைக் கோல் கண்டுபிடித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவரைக் கண்டுபிடிப்பதுபோல் அது காரைக் கண்டுபிடிப்பதில்லை. கோலின் நுனி தரையை ஒட்டிச் செல்வதால், பம்பருக்கு அடியில் தடையில்லாமல் நுழைந்துவிடுகிறது. என் முழங்கால் பம்பரில் மோதும்போதுதான் கார் இருப்பது தெரியும். பக்கவாட்டில் வந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி விலாவில் இடிக்கும். அதன் பிறகு நான் சாலையில் இறங்க வேண்டும். ஒருவழிச் சாலை என்பதால் வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை நான் பழகி வைத்திருக்கிறேன்; காதை அந்தப் பக்கமே வைத்திருக்கிறேன். எதிர்த்திசையில் ஒரு கார் நுழைந்தால், என் கணக்கு முழுவதும் தவறிப்போகிறது. ஹைபிரிட் கார் மெதுவாக ஊர்ந்து வந்தால், எஞ்சின் ஒலியும் கேட்பதில்லை. நடைபாதையில் ஏற்றி நிறுத்துவதும் பலகையை மீறி நுழைவதும் ஒரே மாலையில் ஒரே இடத்தில் நடப்பதால், ஒன்று என்னைச் சாலைக்குள் தள்ளுகிறது, மற்றொன்று அங்கே என்னை எதிர்கொள்கிறது.

2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பொது வசதிகளை மற்றவர்களுக்கு நிகராகப் பயன்படுத்தும் உரிமையை எங்களுக்கு அளிக்கிறது. ஆனால் அந்த உரிமையை மறுப்பவருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் எங்கள் பாதையைக் காப்பாற்றும் வேலை, எழுத்தர் ஐயா குறிப்பிட்ட போக்குவரத்துச் சட்டத்தின் தலையில் விழுகிறது. உங்கள் கடிதத்தில் பேருந்து தாமதத்தையும் ஒலித் தொல்லையையும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓடுகள் மறிக்கப்படுவதை முதல் பத்தியில் வையுங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அதிகாரி நினைக்கக்கூடும். இதை அப்படி நினைக்க முடியாது.

ஓட்டுநர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நானே டாக்சியில் போகிறவன்தான். என் கையைப் பிடித்துக் கதவின் கைப்பிடியில் வைத்து, மீட்டரில் உள்ள தொகையை வாய்விட்டுச் சொல்லி, மீதிக் காசைத் தாள்தாளாக எண்ணிக் கொடுப்பவர்கள் பலர். அவர்களில் சிலர்தான் ஓட்டின் மேலும் நிறுத்துகிறார்கள் என்பது என் ஊகம். அந்த மஞ்சள் ஓடு எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அழகுக்குப் பதித்தது என்று நினைத்திருக்கலாம். நான் வந்து விளக்கத் தயார்.

பதில்: சந்தைத் தெருக்காரர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

எங்கள் பக்கத்துச் சந்தைத் தெருவிலும் இதே தொல்லை இருந்தது. அங்கே நடைபாதையின் விளிம்பில் இரும்புக் கம்பங்கள் நட்டார்கள். சம்மன் எழுதுபவர் வீட்டுக்குப் போய்விடுவார். கம்பம் இரவும் பகலும் அங்கேயே நிற்கும். நடைபாதையில் வண்டி ஏறுவது அன்றோடு நின்றது. ஆனால் அந்த வண்டிகள் எங்கும் மறைந்துவிடவில்லை. தெருமுனைக்கு நகர்ந்து அங்கே அடைத்தன. எனவே கம்பம் கேட்கும்போதே, மிகுதியாக வரும் டாக்சிகள் எங்கே காத்திருக்கலாம் என்பதற்கும் ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கம்பங்களுக்கு இடையே சக்கர நாற்காலி நுழைய வேண்டும், கார் நுழையக் கூடாது. ஓட்டின் மேல் கம்பம் வந்துவிடவும் கூடாது. வேலை நடக்கும் நாளில் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

பதில்: வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், பெட்டாலிங் ஜெயா

கம்பம், அம்புக்குறிப் பலகை, காத்திருக்கும் இடம் ஆகிய மூன்றும் சாலை வடிவமைப்பு தொடர்பானவை. அவற்றை அமலாக்கப் பிரிவுக்கு எழுதினால் நகராது. மாநகர் மன்றத்தின் போக்குவரத்துத் திட்டப் பிரிவுக்குத் தனிக் கடிதமாக எழுத வேண்டும். கோலாலம்பூரில் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகராட்சி உறுப்பினர் என்று யாரும் இல்லை. எனவே கடிதத்தின் பிரதி ஒன்றை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் அனுப்பிவையுங்கள். குடியிருப்பாளர் சங்கத்தின் முத்திரை இருந்தால் இன்னும் நல்லது.

பதில்: தெருமுனைக் குடியிருப்பாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்

அனைவருக்கும் என் நன்றி. எழுத்தர் ஐயா கேட்டபடி நேற்று மாலை மாடியிலிருந்து எண் பலகைகளைக் கவனித்தேன். எதிர்ப்பக்கத்து இரட்டைக் கோட்டில் நின்றவை பெரும்பாலும் ‘எச்’ எண் டாக்சிகள் அல்ல. செயலி அழைப்புக்காகக் காத்திருந்த தனியார் கார்கள். ஆனால் பலகையைத் தாண்டி நுழைந்தவை டாக்சிகள்தான், அதிலும் திரும்பத் திரும்ப வந்தவை ஒருசில வண்டிகளே. செந்தூல் ஐயா சொன்னது சரியாக இருக்கிறது; முனையில் ஒரு பயணியை அப்படி ஏற்றிக்கொண்டு போனபோது, முதல் கட்டத்தில் இருந்த ஓட்டுநர் இறங்கி வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனதையும் பார்த்தேன்.

ஆகவே இரண்டு கடிதங்கள் எழுதுகிறோம். முதலாவது அமலாக்கம் பற்றியது: ஓடுகள் மறிக்கப்படுவது முதல் பத்தியில், எதிர்த்திசை நுழைவு அடுத்த பத்தியில், எண்களும் படங்களும் இணைப்பில். பண்டிகைக்கு முன்பு மட்டும் வந்து போகாமல், வேலைநாள் மாலைகளில் தொடர்ந்து வர வேண்டும் என்று அதில் கேட்கிறோம். இரண்டாவது கம்பம், அம்புக்குறிப் பலகை, காத்திருக்கும் இடம் ஆகியவை பற்றியது. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், மாலையில் காலியாகிவிடும் சரக்கு இறக்கும் இடம் ஒன்று உள்ளது. அதை டாக்சிகள் மாலை நேரத்தில் மட்டும் பயன்படுத்தலாமா என்று கேட்க எண்ணுகிறோம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கூட்டம் சேருவதற்கு முன்பே, நிறுத்தத்தில் உள்ள ஓட்டுநர்களிடம் கையொப்பம் கேட்கப் போகிறோம். செந்தூல் ஐயா வந்தால், நாங்கள் நூறு முறை சொல்வதை அவர் ஒரு முறை சொன்னால் போதும். வெள்ளைக்கோல் ஐயாவும் வர இயலுமா?

பதில்: ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர், செந்தூல்

வருகிறேன், அம்மா. அந்த நேரத்தில் நிற்பவர்கள் பழைய ஆட்கள். பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். எதிர்த்திசையில் வரும் அந்த ஒருசிலரின் எண்களை மட்டும் அவர்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டாம். அது கடிதத்தில் இருக்கட்டும். நேரில் படித்தால், காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று எவரும் கையொப்பம் போடமாட்டார்கள்.

பதில்: வெள்ளைக்கோல், பிரிக்ஃபீல்ட்ஸ்

நானும் வருகிறேன். விரும்பும் ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு என் கோலைப் பிடித்துப் பத்தடி நடந்து பார்க்கட்டும். நான் பக்கத்திலேயே இருப்பேன். கடிதங்களின் வரைவை எனக்கு முன்கூட்டியே அனுப்புங்கள், அம்மா. தாளைப் படம் பிடித்து அனுப்பினால் என் திரைவாசிப்பான் படிக்காது, எழுத்துக் கோப்பாகவே அனுப்ப வேண்டுகிறேன்.